ஐந்தாவது ஆளின் போர்வை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கலசப்பாக்கம் பக்கத்தில் நெல் விளையும் ஊரில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ஜவ்வாது மலைக்கு வேலை உத்தரவு வந்தபோது என் அண்ணன், "இந்த வாயோட மேல போனா கரடிங்கதான் பாவம்" என்றான். எழுபதுகளின் கடைசி அது. ஒற்றை அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தில் ஒரு இரும்புக் கட்டில். அதற்குப் பெயர் துணை சுகாதார நிலையம். அதில் நர்ஸ், ஆயா, பெருக்குகிறவள் எல்லாமே நான்தான்.

எங்கள் ஊருக்குக் கீழே பள்ளத்தில் இராணுவத்தார் முகாம் போட்டிருந்தார்கள். சண்டைக்கு அல்ல, படிப்புக்கு. உளவு பார்ப்பது, ஒளிந்து நடப்பது, ஆளை அடையாளம் காண்பது, வேஷம் மாறுவது, இதையெல்லாம் சொல்லித் தருகிற முகாம். யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோரும் அதை 'கேம்ப்பு' என்றார்கள், அவ்வளவுதான்.

கேம்ப்பு வந்ததில் எங்களுக்கு ஒரே ஒரு கேடு. ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் வழி அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் போகும். ஒரு மணி நேரத்தில் ரோட்டுக்குப் போய்விடலாம். திருப்பத்தூர் பஸ் அங்கே நிற்கும். கேம்ப்பு வந்ததும் அந்த வழிக்கு முள்கம்பி கட்டி, ஒரு காவலாளியையும் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அது நாலு மணி நேரம்.

கம்பி கட்டிய வருஷமே ஒரு பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம் சிக்கலானது. பத்தொன்பது இருபது வயது இருக்கும் அவளுக்கு. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கம்பியருகே நின்றோம். டோலி என்றால் மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி இரண்டு பேர் தோளில் தூக்குவது. காவலாளி விடவில்லை. ஜீப்பைக் கேட்டேன். ஜீப் திருப்பத்தூருக்குப் போயிருக்கிறது என்றான். சுற்றிக்கொண்டு போனோம். பாதி மேட்டிலேயே குழந்தை பிறந்தது. அழவில்லை. அதைத் துணியில் சுற்றி என் கையில்தான் வைத்திருந்தேன். 

அடுத்த வருஷம் அதே பெண்ணுக்கு மறுபடி ஒன்பது மாதம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை கீழே இறங்கவில்லை. மேலே, விலாவுக்கு அடியில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. கால் முன்னால் வரப்போகிற பிள்ளை. இதை நான் ஒருத்தி தாழ்வாரத்தில் வைத்துப் பார்க்க முடியாது. திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். இப்போதே கீழே கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அங்கே அவளுக்கு நாதியில்லை. மேட்டைச் சுற்றி நடக்கவைக்கவும் பயம். அவளை என் அறையிலேயே தங்கவைத்துவிட்டு, மேட்டைச் சுற்றிக்கொண்டு கேம்ப்பு வாசலுக்குப் போனேன்.

கேம்ப்பு தலைவர் தமிழர்தான். மதராசில் வளர்ந்தவர், மீசையை எண்ணெய் போட்டு நீவி வைத்திருப்பார். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"சிஸ்டர், வழியைத் திறக்க முடியாது. பாதுகாப்புப் பிரச்சினை. வெளியாள் ஒருத்தர் பார்த்தாலே எங்கள் பயிற்சி வீண். பிரசவம்னா வாசலுக்கு வாங்க, ஜீப் இருந்தா அனுப்பறேன்" என்றார்.

அந்த 'இருந்தா' எனக்குச் சுருக்கென்றது.

"வலி உங்க ஜீப்பைக் கேட்டுக்கிட்டா வரும்? பாதுகாப்பாம், பாதுகாப்பு! போன சனிக்கிழமை புதுசா பதினோரு பேர் வந்திருக்காங்க. அதுல ஒருத்தருக்கு வயித்தால போவுது. உங்க வாத்தியாருங்கள்ல ஒருத்தருக்கு இடது முட்டி வலி. செவ்வாய்க்கிழமை ராத்திரி சமையல்காரருக்கும் ஸ்டோர்காரருக்கும் சண்டை. சரியா?"

அவர் மீசையை நீவுவதை நிறுத்திவிட்டார். "இதெல்லாம் யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. புளியம்பழம் உலுக்கப் போற பொம்பளைங்க மேட்டுல இருந்து உங்க துணிக்கொடிய பாக்குறாங்க. எத்தனை பனியன் காயுதுன்னு எண்ணத் தெரியாதா? ஒருத்தர் மட்டும் ஒரு நாளைக்கு அஞ்சு தடவ லுங்கி தோய்ச்சா என்னான்னு தெரியாதா? சண்டை போட்டது மேடு வரைக்கும் கேட்டுச்சு."

அவர் துணிக்கொடியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. துணியை எண்ணுவது வேறு, ஆளைக் கண்டுபிடிப்பது வேறு என்றார். அடுத்த வாரம் கடைசிப் பரீட்சையாம். தமிழ் பேசுகிற ஐந்து பேர் வேஷம் மாறி மலை ஊர்களுக்குள் வருவார்களாம். மூன்று நாள் சுற்றி, எந்த ஊரில் எத்தனை வீடு, யார் எங்கே போகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் திரும்ப வேண்டுமாம்.

"உங்க பொம்பளைங்க என் பசங்கள்ல ஒருத்தனைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

"அஞ்சு பேரையும் புடிச்சா?"

என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.  "அஞ்சு பேரையும் பிடிச்சா வழியைத் திறக்கறேன், மூணாவது நாள் சூரியன் விழறதுக்குள்ள. கையைப் பிடிச்சு 'நீ கேம்ப்பு ஆளு'ன்னு சொன்னா அவன் ஒத்துக்கணும், அது எங்க விதி. ஆனா சம்பந்தமில்லாதவனைப் பிடிச்சா கணக்கில்லை. நாலு பேரைப் பிடிச்சாலும் வழி கிடையாது."

"சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடு ஏறும்போதுதான் பந்தயம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டே, "அஞ்சு பேரு தானேக்கா? ஊருல இத்தினி பொம்பளைங்க இருக்கோம்" என்றாள். அவள் குரலில் பயமே இல்லை. எனக்குத்தான் இருந்தது.

முதல் நாளே ஒருவன் சிக்கினான். வளையல்காரன். பெட்டி, துணி, பேச்சு எல்லாம் பொருத்தம். பெண்கள் கையை நீட்டியதும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. விரலைக் குவித்து அமுக்கி வளையலை ஏற்றத் தெரியாமல், ஏதோ பாம்பைத் தொடுகிற மாதிரி தொட்டான். "வளையல்காரனுக்கு இன்னாய்யா கூச்சம்? இப்டி கூச்சப்பட்டா உன் வூட்டுல அடுப்பு எரியுமா?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "நீ கேம்ப்பு ஆளு." அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அவன் விட்டுப்போன வளையல்களை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் இரண்டு பேர் சேர்ந்து மாட்டினார்கள். புளி வாங்க வந்த வியாபாரிகள். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள். இருவரும் பேசிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு, அழகாக வந்தார்களாம். ஆனால் நாலு காலும் ஒரே தாளத்தில் விழுந்ததாம். இடது என்றால் இரண்டு இடதும், வலது என்றால் இரண்டு வலதும். மலைப் பாதையில் கல்லுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றபடி ஆளுக்கொரு மாதிரி கால் வைப்போமே தவிர, யாராவது இப்படி நடப்பார்களா? கொல்லையிலிருந்து ஒருத்தி சும்மா "லெப்ட்டு, ரைட்டு" என்று கத்தினாள். இருவரும் திடுக்கிட்டுக் கால் மாற்றினார்கள், அதையும் ஒரே சமயத்தில்!

அன்றைக்கே சாயங்காலம் ஒரு சாமியார். தாடி, விபூதி, திருவோடு, குறையொன்றும் இல்லை. பசிக்கிறது என்றதும் கேழ்வரகுக் களியும் குழம்பும் போட்டார்கள். அவர் களியை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து முழுங்குவார்கள், பல் இல்லாத குழந்தைக்குக்கூடத் தெரியும். சாமியார் வாய் முழுக்கப் பசையாக ஒட்டிக்கொண்டு திணறுவதைப் பார்த்து, வீட்டுக்காரி தண்ணீர்ச் சொம்பை நீட்டி, அப்படியே கையையும் பிடித்துவிட்டாள். நாலு ஆச்சு.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கேம்ப்பு தலைவர் மீசை எந்தப் பக்கம் தொங்கும் என்றுகூட என் அறையில் இருந்த அந்தப் பெண்ணிடம் நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதடி, பிள்ளை பயந்துக்கும்" என்று நானே திட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ஒருவன் வயிற்றுவலி என்று தாழ்வாரத்துக்கு வந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றான். அழுக்கு வேட்டி, தோளில் கொடுவாள், பாதம் முழுக்க வெடிப்பு. மிக்சர் மருந்து கொடுத்துக் கட்டிலில் படுக்கச் சொல்லி, என் போர்வையையும் கொடுத்தேன். "கண்டதையும் தின்னா வலிக்காம இன்னா பண்ணும்?" என்று நாலு திட்டு திட்டினேன். "ஆமாங்கம்மா, தப்புதாங்கம்மா" என்று முனகினான். நல்ல பையன் என்று எனக்குப் பிடித்துப்போனது. அதனால் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து ஐந்து பேர் கதையை முழுதும் சொன்னேன். நாலு பேரைப் பிடித்த விதம் சொன்னேன். ஐந்தாவது ஆளுக்காக எந்தெந்தப் பாதையில் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். நம் ஊரில் எத்தனை வீடு என்று அவன் கேட்டான். அதையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். பிறகு, "நீ தூங்கு, நான் போய் அந்தத் திருடனைப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

வெயில் ஏற ஏற ஊரில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. நான் வெறி பிடித்த மாதிரி திரிந்தேன். கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நிஜப் புளி வியாபாரியின் கையைப் பிடித்து "நீ கேம்ப்பு ஆளு" என்று கத்தினேன். அவர் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். கடுக்காய் பொறுக்க வந்த ஒருவரைப் பிடித்தேன். அவர் என்னைவிடப் பெரிய குரலில் திட்டினார். மூன்று மணி தாண்டியது. நாலு பேரைப் பிடித்தாலும் வழி கிடையாது என்றவர் குரல் காதிலேயே நின்றது.

சோர்ந்துபோய்த் திரும்பினேன். கட்டில் காலியாக இருந்தது. உச்சி வெயில் சாய்ந்ததும் வலி விட்டுவிட்டது என்று சொல்லி அவன் கிளம்பிவிட்டதாக, அறையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சொன்னாள். தலைமாட்டில் போர்வை இருந்தது. நாலு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, சதுரமாக, நடுக்கோடு நேராக வர மடித்து வைத்திருந்தான்.

எரிச்சலையெல்லாம் அவள்மேல் கொட்டினேன். "பாரு, ஒரு காட்டாளு எப்டி மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்னு பாரு. நீங்களும் இருக்கீங்களே, போர்வைன்னா சுருட்டிப் பந்தா மூலையில எறியறது! எத்தினி தடவ சொல்லிக் கொடுத்தேன்?"

அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் பொறந்ததுலேர்ந்து எங்க மலையில யாரும் இப்டி மடிச்சு நான் பாத்ததில்ல."

"அதான் சொல்றேன்."

"இல்லக்கா. நீங்க ஒருத்தர்தான் இப்டி மடிப்பீங்க. ஒங்களுக்கு ஆஸ்பத்திரில திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாங்க. அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

அடிப்பாவி!  படிக்கிற காலத்தில், போர்வை ஓரம் ஒரு விரல் பிசகினாலும் தலைமை நர்ஸ் உருவி எறிந்து மறுபடி மடிக்கச் சொல்வார். அதனால் என் கண்ணுக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது. அவள் கண்ணுக்குத்தான் வினோதமாகத் தெரிந்தது. ஊர் முழுக்க ஆள் தேடிய நான், அவனுக்கு மருந்தும் கொடுத்து, போர்வையும் கொடுத்து, ஊர்க் கணக்கையும் ஒப்பித்து அனுப்பியிருக்கிறேன்.

மணி நாலேகால். காவலாளிக்கும் அவன் வெறும் காட்டாள்தான், கம்பி வழியில் விடமாட்டான்; அதனால் அவன் மேட்டைச் சுற்றித்தான் போயிருப்பான். ஒன்றரைக்குக் கிளம்பியிருந்தால் ஐந்தரை வாக்கில் கேம்ப்பு வாசலைத் தொட்டுவிடுவான். பின்னாலேயே ஓடினால் ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது.

"கம்பி வழியில போங்கக்கா" என்றாள் அவள்.

செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓடினேன். முள்கம்பிக்கு அடியில் படுத்து ஊர்ந்தேன், புடவை கிழிந்தது. காவலாளி, "யாரது? நில்லு!" என்று கத்தினான். "சுடறதுன்னா சுடுடா, எனக்கு நேரமில்ல!" என்று நானும் கத்திக்கொண்டே இறங்கினேன். அவன் விசிலடித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். அவனுக்கு பூட்ஸ், எனக்கு வெறுங்கால். ஓடைக் கற்களில் அவன் இரண்டு தடவை விழுந்தான்.

கேம்ப்பு வாசலுக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. நான் அங்கே போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, ஓடையில் இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்து முடித்தபோது அவன் வந்தான். கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு சீட்டிப் பாட்டு வேறு. என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. ஓட நினைத்தான், கண்ணில் தெரிந்தது. நான் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"வயித்துவலி எப்டிப்பா இருக்குது? நீ கேம்ப்பு ஆளு."

அவன் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டு, முதுகு நிமிர்ந்தது. "ஆமாம், சிஸ்டர்" என்றான்.

விசில் சத்தம் கேட்டுத் தலைவரே வெளியே வந்துவிட்டார். சூரியன் மேற்கு மேட்டின்மேல் இன்னும் ஒரு முழம் உயரத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் கிழிந்த புடவையைப் பார்த்தார்.

"தடை பண்ணின வழியில வந்திருக்கீங்க" என்றார்.

"ஆமா, வந்தேன். இவன் ஒன்றரைக்குக் கிளம்பினான். நான் நாலேகாலுக்குக் கிளம்பினேன். இப்ப யாரு முன்னால நிக்கிறாங்கன்னு பாருங்க. போன வருஷம் அந்தப் புள்ள செத்தது எதனாலன்னு இப்பவாவது புரியுதா?"

 அந்தக் குழந்தையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது அவர், ஐந்தாவது ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. பொய் சொல்வானேன்? "நான் ஏமாந்துட்டேன். என் வூட்டுல இருக்குற புள்ளத்தாச்சிதான் கண்டுபுடிச்சா, போர்வைய பாத்து" என்றேன். அவர் ஐந்தாவது ஆளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கே அவன்மேல் பாவமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே கம்பியை அறுத்துச் சுருட்டினார்கள். ஊரே திரண்டுபோய் நின்று பார்த்தது. பெண்கள் குலவை போட்ட சத்தத்தில் கேம்ப்பு நாய்கள் எல்லாம் குரைத்தன. ஒரே நிபந்தனை, போகிறவர் வருகிறவர் எத்தனை பேர் என்று காவலாளி நோட்டில் எழுதிக்கொள்வான். எழுதிவிட்டுப் போகட்டும்.

ஐந்து நாள் கழித்து, காலை கஞ்சி நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. அவள் புருஷனும் மைத்துனனும் டோலியைத் தூக்கினார்கள். கம்பி இருந்த இடத்துக்கு வந்தபோது அங்கே ஐந்தாவது ஆளும், அந்த இரண்டு புளி வியாபாரிகளும் தயாராக நின்றார்கள். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தலைவர் தினமும் அனுப்பினாராம். ஜீப்பும் அன்றைக்கு வெளியே போகாமல் ரோட்டில் நிற்கிறதாம். காவலாளி எங்களை எண்ணி, டோலியில் இருந்தவளை ஒன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டான். ஓடைச் சரிவில் புருஷனுக்குத் தோள் மரத்ததும், வியாபாரிகள் இருவரும் மூங்கிலை வாங்கிக்கொண்டார்கள்.

பத்தடி போகவில்லை, டோலி ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. டோலி தூக்குகிறவர்கள் ஆளுக்கொரு காலாக மாற்றி வைக்கவேண்டும், அப்போதுதான் ஆடாது. இவர்கள் இரண்டு பேரும் அதே பழைய லெப்ட்டு ரைட்டு.

போர்வைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. அந்த வலியிலும் என்ன ஒரு குரல்! "அய்யோ, கால மாத்தி வைங்கடா பாவிங்களா! இன்னும் எத்தினி தடவதான் மாட்டுவீங்க?"

இரண்டு சிப்பாய்களும் வெலவெலத்துப் போய்க் கால் மாற்றினார்கள். தப்பினால் மறுபடி கத்தினாள். ரோடு வரைக்கும் உத்தரவு போட்டுக்கொண்டே போனாள். டோலி ஆடவே இல்லை.

சாயங்காலம் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. கால்தான் முன்னால் வந்தது. டாக்டரம்மா கைராசிக்காரர். பெண் பிள்ளை. பிறந்த மறுநொடியே கட்டிடம் அதிர அழுதது. நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அதைவிடப் பெரிதாக அழுதேன். ஐந்தாவது ஆள் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

பத்து நாள் கழித்து பஸ்ஸில் வந்து இறங்கி, அவளும் நானும் அதே வழியில் மெதுவாக ஏறினோம். பிள்ளையை அவள் நெஞ்சோடு துணியில் கட்டியிருந்தாள். முந்தின வருஷம் எங்கள் டோலியை மறித்தவன்தான் காவலில் நின்றான். பழக்கதோஷத்தில், "யாரது? எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்தான்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தை அவனுக்குக் காட்டினாள்.

"போறப்ப என்னை ஒண்ணுன்னு எழுதினீங்க இல்ல? வர்றப்ப ரெண்டுன்னு எழுதுங்க."

அவன் பிள்ளையை ஒரு தடவை பார்த்தான். குனிந்து எழுதினான்.